பச்சை வெளிறிப்போன 243 படங்கள்: அசைன் ப்ரொஃபைல் செய்து மீட்ட கதை

ஒரு பெரிய ஃபோல்டரில் இருந்த படங்களின் அளவைக் குறைக்க ஒரு சிறு கருவியை ஓடவிட்டேன். பிக்ஸெல் அளவை அது தொடவில்லை, கோப்பை மட்டும் சுருக்கியது, சுருக்கியதைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. 243 ஜேபெக் படங்கள், பெரும்பாலும் செடி, கொடி, கிளி, மழையில் குடை பிடித்துப் போகிறவர்கள். பல வாரக் கடைசிகளில் உட்கார்ந்து தூசி எடுத்து, கோணம் சரிசெய்து, வெட்டித் திருத்தி வைத்தவை. வேலை முடிந்ததும் கோப்புகள் பாதி எடைக்கு வந்திருந்தன, எனக்கு நிம்மதி. இரண்டு நாள் கழித்து அவற்றைப் பார்த்த தம்பி, "அண்ணா, இலையெல்லாம் வெயிலில் காய்ஞ்ச மாதிரி இருக்கே, இதுதான் அந்தச் செடியா?" என்றான். அப்போதுதான் நானும் கவனித்தேன். பச்சை மஞ்சளோடு கலந்து வாடிக் கிடந்தது, சிவப்புக் குடை செங்கல் நிறத்தில் இருந்தது. ஆனால் சாம்பல் நிறச் சுவரும் மேகமும் மட்டும் அப்படியே இருந்தன. இந்தக் கடைசி விஷயத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

யோசிக்கவில்லை. நேராக சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் கூட்டினால் பச்சை உயிர் பெற்றது, ஆனால் அதே படத்தில் இருந்த கை ஆரஞ்சு நிறமானது. பச்சையை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் இலை ஓரத்தில் ஒரு பளீர் கோடு வந்தது. இப்படியே 38 படங்களைத் திருத்தினேன். அவற்றில் 27-ஐ வேறு பெயரில் சேமித்தேன், 11-ஐ அதே பெயரில், பழையதன் மேலேயே. இந்த 11-க்குக் கடைசியில் வருகிறேன்.

நடந்தது இதுதான். என் கேமராவை நான் வெகுநாளாக அடோபி ஆர்ஜிபி வண்ணவெளியில் வைத்திருந்தேன் (எந்த எண் எந்த நிறம் என்று வரையறுப்பதுதான் வண்ணவெளி). அதில் எடுத்துத் திருத்தி முடித்த ஒவ்வொரு ஜேபெக்குக்குள்ளும் "இந்த எண்களை அடோபி ஆர்ஜிபி என்று படி" என்று சொல்லும் ஒரு ஐசிசி ப்ரொஃபைல் இருந்தது. அந்த ப்ரொஃபைல் கோப்பின் எடை வெறும் 560 பைட். சுருக்கும் கருவி, தேவையில்லாத தகவல் என்று நினைத்து, படத்தோடு கேமரா பதியும் எக்ஸிஃப் விவரங்களோடு சேர்த்து அதையும் உருவி எறிந்துவிட்டது. பிக்ஸெல் எண்களின் அர்த்தத்தை அது மாற்றவில்லை, அந்த அர்த்தத்தைச் சொல்லும் குறிப்பைத்தான் எடுத்துவிட்டது. குறிப்பு இல்லாத படத்தைப் பிரவுசர்கள் பொதுவாக எஸ்ஆர்ஜிபி என்ற, சாதாரணத் திரைகளுக்கான வண்ணவெளியில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். அடோபி ஆர்ஜிபிக்கென்று எழுதிய எண்களை எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் நிறம் வாடித்தான் போகும்.

தமிழில் கொஞ்ச காலமாகக் கணினி பயன்படுத்தியவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. யூனிகோடுக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, உள்ளே இருக்கும் குறியீடுகள் அப்படியேதான் இருக்கின்றன. பாமினியைத் தேர்ந்தெடுத்த நொடியில் தமிழ் வந்துவிடும். படங்களில் அதுதான் அசைன் ப்ரொஃபைல்: எண்களைத் தொடாமல் ப்ரொஃபைலை மட்டும் ஒட்டுவது. அந்தக் கோப்பை எந்தக் கணினியிலும் படிக்க வேண்டும் என்றால் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுப்போம், அப்போது உள்ளே இருக்கும் குறியீடுகள் எல்லாம் மாறிவிடும், படிக்கிற வாக்கியம் மாறாது. படங்களில் அது கன்வர்ட் டு ப்ரொஃபைல்: நிறம் மாறாமல் எண்களை வேறு வண்ணவெளிக்கு மாற்றி எழுதுவது. நான் சாச்சுரேஷனைக் கூட்டியது, குப்பையாகத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துத் திருத்த முயன்றதற்குச் சமம்.

ஒரே ஒரு பிக்ஸெலை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு வெற்றிலைக் கொடி படத்தில், நிழலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இலையின் மேல் நிற எண்களைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்தேன். சிவப்பு 90, பச்சை 140, நீலம் 60. ப்ரொஃபைல் இல்லாத நிலையில் அது மங்கிய, கொஞ்சம் மஞ்சளோடிய பச்சை. ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் அசைன் ப்ரொஃபைல் போய் அடோபி ஆர்ஜிபி 1998-ஐத் தேர்ந்தெடுத்ததும், இலை கண் முன்னாலேயே பச்சையானது. எண்கள்? அதே 90, 140, 60. ஒன்றுகூட நகரவில்லை. அப்புறம் கன்வர்ட் டு ப்ரொஃபைலில் எஸ்ஆர்ஜிபி கொடுத்தேன். இப்போது திரையில் எதுவும் மாறவில்லை, ஆனால் எண்கள் கிட்டத்தட்ட 53, 141, 50 என்று ஆகிவிட்டன.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பச்சை 140-லிருந்து 141, அவ்வளவுதான். உண்மையில் இறங்கியது சிவப்பு, 90-லிருந்து 53. இலை பசுமையாவதற்குப் பச்சையைக் கூட்ட வேண்டும் என்று நினைத்து நான் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருந்தேன், தேவைப்பட்டதோ அதற்குள் கலந்திருந்த சிவப்பு வெளியேறுவது. எவ்வளவு வெளியேற வேண்டும் என்பது ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் வேறு. சாம்பல் பிக்ஸெலுக்கு எதுவுமே வேண்டாம், 128, 128, 128 என்பது இரண்டு வண்ணவெளியிலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான், ஏனென்றால் இரண்டின் காமாவும் (எண்ணை வெளிச்சமாக மாற்றும் வளைவு) 2.2-ஐ ஒட்டியே இருக்கிறது. சுவரும் மேகமும் ஏன் தப்பித்தன என்பதற்கு இதுதான் காரணம். எந்தக் கண்ணும் கையும் இந்தக் கணக்கை ஸ்லைடரில் செய்துவிட முடியாது.

இரண்டு வண்ணவெளிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகப் பச்சை முனையில், அதாவது அது காட்டக்கூடிய மிகத் தூய பச்சையில்தான் இருக்கிறது. எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது, அன்றைய சாதாரண மானிட்டர் எதைக் காட்டுமோ அதை ஒட்டி அமைத்தது. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. இரண்டுக்கும் சிவப்பு, நீல முனைகள் ஒரே இடம், வெள்ளைப் புள்ளியும் ஒன்று. பச்சை முனை மட்டும் அடோபியில் வெகுதூரம் தள்ளிப் போயிருக்கிறது. சிவப்பு முனை ஒன்றாக இருந்தும் குடை ஏன் வாடியது என்று கேட்டால், எண்ணின் அளவு வேறு: எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பான 255, 0, 0 அடோபியில் 219, 0, 0 என்றுதான் எழுதப்படும்.

சரி, மருந்து தெரிந்துவிட்டது. ஆனால் 243 படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடோபி ஆர்ஜிபியை ஒட்டிவிட முடியுமா? முடியாது. இதை நான் செய்துபார்த்தே தெரிந்துகொண்டேன். அதற்கென்று ஒரு ஆக்‌ஷன் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) பதிவுசெய்து முழு ஃபோல்டரின் நகலில் ஓடவிட்டேன். செடிகள் அருமையாக வந்தன. நடுவில் சில படங்களில் முகங்கள் எல்லாம் வெந்த மாதிரி சிவந்திருந்தன. அவை ஃபோனில் எடுத்தவை. ஐஃபோன்கள் 2016-இல் வந்த 7-ஆம் மாடலிலிருந்து டிஸ்ப்ளே பி3 என்ற இன்னொரு வண்ணவெளியில் படம் எடுக்கின்றன. அந்த ப்ரொஃபைலும்தான் உருவப்பட்டிருந்தது. பச்சையும் சிவப்பும் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன, அதனால் பி3 படத்துக்கு அடோபி ஆர்ஜிபியை ஒட்டினால் அதுவும் தவறான வாசிப்புதான். கொஞ்சம் அழகாகத் தெரிகிறதே என்று ஒட்டிவிடக் கூடாது. எஸ்ஆர்ஜிபி படம் ஒன்றுக்கு அடோபி ஆர்ஜிபியையோ அதைவிட அகலமான ப்ரோஃபோட்டோ வண்ணவெளியையோ ஒட்டிப் பார்த்தால் நிறங்கள் துள்ளிக்கொண்டு வரும், பார்த்ததும் பிடிக்கும், அது பொய். அசைன் என்பது ரசனைக்கான பொத்தான் இல்லை, இந்தப் படம் எந்த வண்ணவெளியில் பிறந்தது என்ற கேள்விக்கான பதில். பதிலுக்கு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் தேடினேன். நல்லவேளையாகக் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் மாறவில்லை. கேனான், நிகான், சோனி கேமராக்கள் அடோபி ஆர்ஜிபியில் படம் எடுக்கும்போது கோப்புப் பெயரை அடிக்கோட்டில் தொடங்கும், இது கேமரா கோப்புகளுக்குப் பெயரிடும் டிசிஎஃப் விதியிலேயே இருக்கிறது. எஸ்ஆர்ஜிபியில் எடுத்தால் முதல் எழுத்தாக அடிக்கோடு வராது. ஆக, அடிக்கோட்டோடு தொடங்கிய எல்லாம் ஒரு பக்கம். நானே பெயர் மாற்றியிருந்த சிலவற்றுக்கு, பழைய மெமரி கார்டில் கிடந்த திருத்தாத மூலப்படத்தைத் தேடி எடுத்து, கோப்புக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்ஸிஃப்டூலில் பார்த்தேன். அதில் கலர் ஸ்பேஸ் என்ற இடத்தில் 1 என்றிருந்தால் எஸ்ஆர்ஜிபி, 65535 என்றிருந்தால் எஸ்ஆர்ஜிபி அல்ல என்று மட்டும் பொருள், கூடவே இன்டெராப் இண்டெக்ஸ் என்ற இன்னொரு இடத்தில் ஆர்03 என்றிருந்தால் அடோபி ஆர்ஜிபி உறுதி. இப்படிப் பிரித்ததில் கேமரா படங்கள் 181, ஃபோன் படங்கள் 62.

அப்படியும் மனம் கேட்கவில்லை, ஒரு சோதனை செய்தேன். நான் கையே வைக்காத ஒரு படம் இருந்தது, அதன் மூலம் கார்டில் ப்ரொஃபைலோடு அப்படியே இருந்தது. கருவி சுருக்கிய பிரதிக்கு அடோபி ஆர்ஜிபியை அசைன் செய்து எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்தேன். மூலத்தையும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்தேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக லேயராக வைத்து, மேல் லேயரின் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் ஆக்கினேன், அப்போது இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். முழுத் திரையும் கறுப்பு. லெவல்ஸில் வெளிச்சத்தை நன்றாக ஏற்றிப் பார்த்தால் ஜேபெக் சுருக்கத்தின் மெல்லிய புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அதையே அசைன் செய்யாமல், எஸ்ஆர்ஜிபி என்று வைத்துக்கொண்டு செய்துபார்த்தபோது குடையும் இலைகளும் கறுப்பிலிருந்து ஒளிர்ந்து எழுந்தன, சுவர் கறுப்பாகவே இருந்தது. இந்த ஒரு சோதனையைப் பார்த்தபிறகுதான் மற்ற படங்களில் தைரியமாகக் கை வைத்தேன். யாருக்காவது இதே சிக்கல் வந்தால் இதைச் செய்யாமல் மொத்தமாக ஓடவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் மொத்த வேலை. முதலில் ஃபோட்டோஷாப் ஆக்‌ஷனிலேயே செய்யலாம் என்றுதான் இருந்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். ப்ரொஃபைலை ஒட்டுவதற்கு பிக்ஸெலைத் தொடவே வேண்டியதில்லை, ஆனால் ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப் என்ற இலவச மென்பொருளிலோ திறந்து ஜேபெக்காகச் சேமித்தால் மறுபடி ஒரு சுற்று சுருக்கம் விழும். ஏற்கெனவே ஒரு கருவி நசுக்கிய படங்கள். எக்ஸிஃப்டூலால் ஒரு ஐசிசி கோப்பை ஜேபெக்குக்குள் நேரடியாக வைக்க முடியும், படத்தின் பிக்ஸெல் தரவு அப்படியே இருக்கும். கேமரா ஃபோல்டருக்கு அடோபி ஆர்ஜிபி, ஃபோன் ஃபோல்டருக்கு பி3 என்று இரண்டு கட்டளை, சில நொடிகளில் முடிந்தது. அவ்வளவு நாள் ஸ்லைடரோடு மல்லுக்கட்டியது இதற்குத்தானா என்று இருந்தது, ஆனால் ஃபோல்டரைத் திறந்து பழைய பச்சையைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தில் அதெல்லாம் மறந்துபோனது.

கட்டளை வழியாகப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ப்ரொஃபைல் கொடுப்பதற்கான அதே ஆப்ஷன் இரண்டு வேலையும் செய்யும். படத்தில் ஏற்கெனவே ப்ரொஃபைல் இல்லை என்றால் ஒட்டும், இருந்தால் புதியதற்குக் கன்வர்ட் செய்யும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கலவையான ஃபோல்டரில் ஓடவிட்டால் சில படங்கள் ஒட்டப்பட்டும் சில மாற்றப்பட்டும் வரும், பிறகு பிரித்தறிவது பெரும் பாடு.

கிம்ப்பில் செய்கிறவர்களுக்கு: 2.10 பதிப்பில் இமேஜ் மெனுவுக்குள் கலர் மேனேஜ்மென்ட் என்று ஒரு துணை மெனு இருக்கும், அசைன், கன்வர்ட், டிஸ்கார்ட் மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கை தவறி மாற்றி அழுத்த வாய்ப்புண்டு. அழுத்தியதும் படம் கண்ணுக்குத் தெரிந்து மாறினால் நீங்கள் செய்தது அசைன், மாறாமல் இருந்தால் கன்வர்ட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம், ப்ரொஃபைல் உள்ளே இருந்தால் நல்ல மென்பொருள் எல்லாமே சரியாகக் காட்டும். ஆனால் இந்தப் படங்களைப் பலருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, வழியில் எந்தக் கருவி மறுபடி ப்ரொஃபைலை உருவுமோ தெரியாது. எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து வைத்தால், உருவப்பட்டாலும் எஸ்ஆர்ஜிபி என்று ஊகிக்கும் இடத்தில் சரியாகவே தெரியும். அதனால் அனுப்புவதற்கென்று தனிப் பிரதிகள் எடுத்து, அவற்றை மட்டும் கன்வர்ட் செய்தேன். அடோபி ஆர்ஜிபி ஒட்டிய மூலங்களைத் தொடவில்லை. கன்வர்ட் ஒருவழிப் பாதை, எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத நிறம் வெட்டுப்பட்டால் திரும்பி வராது. அசைன் அப்படியில்லை, தப்பாக ஒட்டினாலும் எண்கள் பத்திரமாக இருப்பதால் வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

வெட்டுப்படுவது என்றால் என்ன என்பதைக் குடை காட்டியது. சிவப்புத் துணியின் மடிப்புகள் அடோபி ஆர்ஜிபியில் 215, 225, 235 என்று படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தன, பச்சையும் நீலமும் மிகக் குறைவு. 219-ஐத் தாண்டிய சிவப்பு எல்லாம் எஸ்ஆர்ஜிபியில் 255-இல் போய் முட்டி நிற்கும், அதனால் மடிப்பு எல்லாம் மறைந்து, குடை வெட்டி ஒட்டிய சிவப்புக் காகிதம் போல ஆனது. அடங்காத நிறத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்டை, எல்லா நிறத்தையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவல் என்று மாற்றிப் பார்த்தேன், எந்த வித்தியாசமும் இல்லை. வெறும் சில எண்களால் ஆன இந்த மாதிரி எளிய மேட்ரிக்ஸ் ப்ரொஃபைல்களுக்குள் பெர்செப்சுவலுக்கான அட்டவணை கிடையாது, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடங்காத நிறத்தை வெட்டிவிடும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் போலத்தான் நடக்கும். கடைசியில் கன்வர்ட் செய்வதற்கு முன்பே, அடோபி ஆர்ஜிபியில் இருக்கும்போதே, எஸ்ஆர்ஜிபிக்கு சாஃப்ட் ப்ரூஃப் (மாற்றினால் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டம்) வைத்து, அடங்காத நிறத்தைச் சாம்பலில் காட்டும் காமுட் வார்னிங்கைப் போட்டுக்கொண்டு, குடையின் சிவப்பை மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் இறக்கினேன். எச்சரிக்கைச் சாம்பல் திட்டுகள் மடிப்பு உச்சியில் மட்டும் மிஞ்சும்வரை. மடிப்புகள் திரும்பி வந்தன. இப்படி ஒன்பது படங்கள், எல்லாமே சிவப்பும் கருஞ்சிவப்பும்தான்.

எட்டு பிட் படத்தில் (ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை மட்டும்) கன்வர்ட் செய்தால் எண்கள் முழு எண்ணுக்கு உருண்டு விழுவதால் வானம் போன்ற மென்மையான இடங்களில் படிகள் தெரியலாம் என்று பயந்தேன். அடோபியிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு ஒருமுறை மாற்றியதில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ப்ரோஃபோட்டோவாக இருந்தால் கதை வேறு, அவ்வளவு அகலமான வண்ணவெளியை எட்டு பிட்டில் வைத்திருக்கவே கூடாது, பதினாறு பிட்தான்.

இந்த வேலை நடக்கும்போதே பழைய அச்சுப் படங்கள் சிலவற்றையும் ஸ்கேன் செய்தேன், அங்கேயும் அசைன்தான் முதல் படி. ஸ்கேனர் தரும் எண்கள் அந்த ஸ்கேனருடைய சொந்த மொழி. நிற அளவுகள் ஏற்கெனவே தெரிந்த கட்டங்கள் அச்சிட்ட ஐடி8 அட்டையை வைத்து ஸ்கேனருக்கு ஒரு ப்ரொஃபைல் தயாரித்து, ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு, வந்த படத்துக்கு அந்த ப்ரொஃபைலை ஒட்டி, பிறகு அடோபி ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்தேன். மானிட்டர் ப்ரொஃபைலைப் படத்துக்கு ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பட்டியலில் அதன் பெயரும் இருப்பதால் வரும் குழப்பம். அது திரையைப் பற்றிய விவரம், அதை இயங்குதளத்திடம் கொடுத்தால் போதும், படத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இனிமேலுக்காக இரண்டு மாற்றங்கள் செய்துகொண்டேன். ஃபோட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில், ப்ரொஃபைல் இல்லாத படத்தைத் திறக்கும்போது கேட்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்துவைத்திருக்கிறேன், முன்பு அந்தக் கேள்வி தொந்தரவாக இருக்கிறதென்று நானே அணைத்துவைத்திருந்தேன். இரண்டாவது, சுருக்கும் கருவியிலேயே ப்ரொஃபைலை மட்டும் விட்டுவைக்க ஒரு ஆப்ஷன் இருந்தது, அதைப் போட்டுவிட்டேன். எஸ்ஆர்ஜிபியின் வழக்கமான ப்ரொஃபைல் 3,144 பைட், அடோபியுடையது 560. பல லட்சம் பைட் படத்தில் இந்த இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

அந்த 11 படங்கள். அதே பெயரில் சாச்சுரேஷனைக் கூட்டிச் சேமித்தவை. அடோபி ஆர்ஜிபியை ஒட்டிப் பார்த்தேன், ஏற்கெனவே கூட்டிய நிறத்தின் மேல் இதுவும் சேர்ந்து இலைகள் நியான் விளக்கு போல எரிந்தன. ஒட்டாமல் விட்டாலும் சரியில்லை, பச்சைக்குள் இருக்கும் சிவப்பு போகவில்லை. எண்களையே நான் மாற்றிவிட்டதால் எந்த ப்ரொஃபைலும் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றின் மூலங்கள் கார்டில் இருக்கின்றன, எக்ஸிஃப் விவரத்தோடு, ஆர்03 குறியோடு. தூசி எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன், இன்றோடு நாலு முடிந்தது.